மூன்றாவது அச்சின் கணக்கு

நாகர்கோவிலின் கோணம் பகுதியிலும் அதைச் சுற்றியும் உள்ள சிறு எந்திரப் பட்டறைகளில், ஒரு துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு எண்களே பதிலாகக் கிடைக்கும். எக்ஸ் திசையில் இவ்வளவு விலகல், ஒய் திசையில் இவ்வளவு விலகல் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குளச்சல் விசைப்படகு ஒன்றில் வலை இழுக்கும் விஞ்ச்சுக்கான கியர் பெட்டியானாலும், முப்பந்தல் காற்றாலையிலிருந்து பழுதுபார்க்க இறக்கிய ஃபிளாஞ்ச் என்ற இணைப்பு வளையமானாலும் இதுவே வழக்கம். முப்பரிமாண அளவீட்டு எந்திரம், அதாவது சிஎம்எம், வந்துவிட்ட பட்டறைகளில் மூன்றாவதாக இசட் என்ற எண்ணும் திரையில் தெரிகிறது. அந்த எண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். சிலர் மற்ற இரண்டோடு சேர்த்துக் கூட்டிவிடுகிறார்கள். அளவீட்டு அறையில் வேலை செய்பவன் என்ற முறையில் இரண்டுமே தவறு என்பது என் கருத்து. பெரும்பாலான துளைகளுக்கு இசட் கூட்டவேண்டிய விலகலாக வருவதில்லை; விலகலை எந்தெந்த ஆழத்தில் தேட வேண்டும் என்பதையே அது சொல்கிறது.

இதை விளக்க, பொசிஷன் டாலரன்ஸ், அதாவது துளை தன் சரியான இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அனுமதி, எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பழைய டிராயிங்குகளில் துளையின் மையத்தை இரு திசைகளிலும் ±0.1 மி.மீ. என்று குறிப்பார்கள். அப்படிக் குறித்தால் மையம் விழத்தக்க இடம் 0.2 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரமாகும். சதுரத்தின் மூலையில் மையம் விழுந்தால் அது சரியான இடத்திலிருந்து 0.141 மி.மீ. தள்ளி இருக்கும், ஆனாலும் ஜாப், அதாவது செய்த பாகம், தேறிவிடும். ஒரே திசையில் 0.12 மி.மீ. மட்டும் தள்ளிப் போன துளையோ கழிக்கப்படும். துளைக்குள் நுழையப்போகும் போல்ட்டு உருண்டையானது என்பதால் எத்திசையில் விலகினாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே தூரமாக விலகியதை ஏற்று, அருகே விலகியதைத் தள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பொறியியல் நியாயம் ஏதுமில்லை. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரிலிருந்த அரசு டார்பிடோ ஆலையில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர், 1938 வாக்கில் இந்த முரணைக் கவனித்துச் சதுரத்தின் இடத்தில் வட்டத்தை வைத்தார். 1940-இல் தம் குறிப்புகளை வெளியிட்டார். மேற்சொன்ன சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம் 0.283 மி.மீ. அதன் பரப்பு சதுரத்தின் பரப்பைவிட 57 விழுக்காடு கூடுதல். இன்றைய அமெரிக்க ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரமும், பன்னாட்டு ஐஎஸ்ஓ 1101 தரமும் இந்த வழியில்தான் நடக்கின்றன.

பொசிஷன் எண்ணைக் காணும் கணக்கு எளிது. எக்ஸ் விலகலின் வர்க்கத்தையும் ஒய் விலகலின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். விலகல்கள் 0.03, 0.04 எனில் தூரம் 0.05, பொசிஷன் 0.10. டிராயிங்கில் எழுதியிருப்பது விட்டம், நாம் கண்டுபிடித்த தூரமோ ஆரம் என்பதால்தான் இரண்டால் பெருக்குகிறோம். இந்தப் பெருக்கலை மறந்து, இருமடங்கு நல்ல ஜாப் என்று நம்பி அனுப்பிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஐடிஐ முடித்துப் புதிதாக எந்திரத்தில் உட்கார்ந்த ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, மெஷின் மூணு எண் தருதே, இசட்டையும் சேத்துல்லா கூட்டணும்?” பக்கத்தில் நின்ற மூத்த எந்திரக்காரர் சொன்ன பதில் எந்தப் பாடத்தையும்விடச் சுருக்கமானது: “லே மக்கா, துளைக்கு ஆழம் வேற, விலகல் வேற.” செங்குத்தான ஒரு துளைக்குள் மேற்பரப்பிலிருந்து 5 மி.மீ. கீழே, எந்திரத்தின் தொடுமுனையான ப்ரோபால் தொட்டு வட்டம் எடுத்தால், அந்த வட்டத்தின் மையத்துக்கு இசட் மதிப்பு −5 என்று வரும். டிராயிங்கில் மையத்தின் இசட் பூஜ்யம் என்று உள்ளிட்டிருந்தால், மூன்றையும் கூட்டும் கணக்கில் பொசிஷன் 10 மி.மீ.க்கு மேல் போய்விடும். அவ்வளவு அபத்தமான எண் என்றால் யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளிட்ட ஆழத்துக்கும் தொட்ட ஆழத்துக்கும் 0.05 மட்டும் வேறுபடும்போதுதான் ஆபத்து. எண் நம்பத்தக்கதாகத் தோன்றும். நல்ல ஜாப் கழிவுக்குப் போகும்.

துளைக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை தட்டையான வட்டம் அல்ல. துளையின் ஆழம் முழுவதும் நீளும் ஓர் உருளை அது. அந்த உருளைக்குள் துளையின் அச்சு மேலிருந்து கீழ்வரை முழுவதுமாக அடங்க வேண்டும். கடற்கரையோரம் சாய்ந்து வளர்ந்த தென்னையின் அடி நம் விளையிலும் தலை அடுத்தவர் விளையிலும் இருப்பதுபோல, துளை மேலே சரியான இடத்தில் தொடங்கிக் கீழே வேறிடத்தில் முடியலாம். 60 மி.மீ. தடிமனுள்ள சுவரில் ஒரு துளை. பொசிஷன் டாலரன்ஸ் விட்டம் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் விளிம்பருகே விலகல்கள் 0.03, 0.04 எனில் பொசிஷன் 0.10. நடு ஆழத்தில் 0.06, 0.08 எனில் 0.20. அடியில் 0.09, 0.12 எனில் 0.30. மேலே மட்டும் தொட்டவர் ஜாப்பைத் தாராளமாகத் தேற்றிவிடுவார். நடுவில் ஒரே ஒரு வட்டம் எடுத்தவர் எல்லைக்கோட்டில் நின்று மனமில்லாமல் தேற்றுவார். இரு முனைகளையும் பார்த்தவரே கழிப்பார், அவர் செய்வதே சரி. குறைந்தது இரண்டு ஆழங்களிலும், நீளமான துளையானால் மூன்று, நான்கு ஆழங்களிலும் வட்டங்கள் எடுத்து, அவற்றிலிருந்து அச்சை அமைத்து, துளையின் இரு விளிம்புகளிலும் அச்சு எங்கே வெளிப்படுகிறது என்று பார்த்து, அவற்றில் மோசமான எண்ணை எழுத வேண்டும்.

அச்சு என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் இரு தரங்களும் ஒன்றாக இல்லை. ஏஎஸ்எம்இ முறையில், துளைக்குள் நுழையக்கூடிய மிகப்பெரிய முழுமையான உருளையின் அச்சே துளையின் அச்சு; அது நேர்கோடாகவே இருக்கும். ஐஎஸ்ஓ முறையில், ஒவ்வொரு குறுக்குவெட்டின் மையங்களையும் இணைக்கும் கோடு. அது வளைந்தும் இருக்கலாம். துளையைச் சீராக்கும் ரீமரை நன்றாக ஓட்டிய துளையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மழுங்கிய டிரில்லால் ஆழமாகத் துளைத்ததில் ஒன்றாக இராது.

இசட்டையும் உண்மையாகவே கூட்டவேண்டிய இடங்களும் உண்டு. பந்து மூட்டில் உள்ள பந்தின் மையத்துக்குக் கோள வடிவ எல்லை கொடுத்திருந்தால் மூன்று விலகல்களும் கணக்கில் வரும். 0.02, 0.03, 0.06 எனில் தூரம் 0.07, பொசிஷன் 0.14. சாய்ந்த தளத்தில் போடப்பட்ட துளைக்கும் எக்ஸ், ஒய், இசட் மூன்றிலும் விலகல் தெரியும். ஆனால் அங்கே மூன்றையும் அப்படியே கூட்டுவது தவறு. ஆயத்தொலைவு முறையைத் திருப்பி அதன் இசட் அச்சைத் துளையின் சரியான அச்சோடு ஒன்றாக்கிவிட்டு, அந்தத் திசையிலான பகுதியை நீக்கி, அதற்குக் குறுக்கான இரண்டை மட்டும் எடுக்க வேண்டும். எதைக் கூட்டலாம் என்பதை முடிவு செய்வது எல்லையின் வடிவமே. உருளையானால் இரண்டு, கோளமானால் மூன்று. தண்டில் ஆப்பு பொருத்தும் கீ பள்ளத்துக்கு இரு இணைத்தளங்களே எல்லை, அங்கே ஒன்றே ஒன்று.

மரையிட்ட துளைகளில் இன்னொரு சங்கதி உண்டு. நம் மாவட்டத்தில் இதற்குக் கண்முன்னே உதாரணம் நிற்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பி முப்பந்தலைச் சுற்றி எழுந்திருக்கும் காற்றாலைகளில், இறக்கையின் அடிப்பகுதியிலிருந்து ஸ்டட்டுகள், அதாவது மரையிட்ட தண்டுகள், வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். கிரேன் இறக்கையைத் தூக்கிப் பிடித்திருக்க, அத்தனை ஸ்டட்டுகளும் எதிரே உள்ள வளையத்தின் துளைகளுக்குள் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும். மரை இருக்கும் இடத்துக்குள் ஸ்டட் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், இடிப்பதோ இடிக்காததோ அது வெளியே நீட்டிய பகுதியில்தான் தெரியும். இதற்காகவே டிராயிங்கில் பி என்ற எழுத்தை வட்டமிட்டு, எல்லையை மரையிட்ட துளைக்கு மேலே, மறுபாகத்தின் தடிமன் அளவுக்கு நீட்டச் சொல்வார்கள். 12 மி.மீ. விட்டமுள்ள எம்12 மரை 20 மி.மீ. ஆழம், அடியில் விலகல் 0.02, மேற்பரப்பில் அதே திசையில் 0.05 என்றால், துளைக்குள் மோசமான பொசிஷன் 0.10 மட்டுமே. அதே சாய்வில் 40 மி.மீ. மேலே போனால் விலகல் 0.11, பொசிஷன் 0.22 ஆகிவிடும். டாலரன்ஸ் 0.2 எனில் ஜாப் தள்ளுபடி. அந்த எழுத்தைக் கவனிக்காமல் துளைக்குள் மட்டும் அளந்தவருக்கு அது அருமையான ஜாப். வெளியே நீட்டும் பகுதியில் தொட்டு அளக்க, மரையில் இறுகப் பொருந்தும் அளவுமுளையைத் திருகி, அதன் உருளையான தலைப்பகுதியைத் தொடுவதே எனக்குப் பிடித்த வழி. மரைக்குள் நேரடியாகத் தொட வேண்டுமானால், ஒரு சுற்றுக்கு மரையின் பிட்ச் அளவு, எம்12-க்கு 1.75 மி.மீ., ப்ரோப் கீழிறங்கிக்கொண்டே தொட வேண்டும். ஒரே ஆழத்தில் சுற்றிவரத் தொட்டால் ஒரு புள்ளி மரையின் உச்சியிலும் இன்னொன்று பள்ளத்திலும் விழுந்து மையம் இடம் மாறிவிடும்.

இதுவரை சொன்ன எல்லா எண்களும் எங்கிருந்து அளந்தோம் என்பதைப் பொறுத்தவை. என் பார்வையில், பொசிஷன் அளவீட்டில் நடக்கும் பெரிய பிழைகள் ப்ரோபின் முனையில் நடப்பதில்லை. டேட்டம், அதாவது அளவுகளுக்குத் தொடக்கமாகக் கொள்ளும் பரப்பு அல்லது துளை, எடுக்கும்போதே நடந்துவிடுகின்றன. ஒரு பொருள் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். இந்த ஆறு அசைவுகளையும் டேட்டம்கள் வரிசையாகக் கட்டிப்போடுகின்றன. விஞ்ச் கியர் பெட்டியில் அடித்தளம் ஏ, போர் எனப்படும் முதன்மையான பெரிய துளை பி, இடம் பொருத்தும் முளைக்கான டவல் துளை சி என்று டிராயிங் சொல்கிறது என்று கொள்வோம். அடித்தளம் முதலில் வந்து இரு சாய்வுகளையும் ஒரு நகர்வையும் கட்டுகிறது. பிறகு போர் இரு நகர்வுகளைக் கட்டுகிறது. கடைசியில் டவல் துளை, மிஞ்சிய சுழற்சியை நிறுத்துகிறது. வரிசையை மாற்றிப் போரை முதலில் வைத்தால் பெட்டியின் சாய்வைப் போரே தீர்மானிக்கும். போர் அடித்தளத்துக்குச் சரியான செங்குத்தில் இல்லாவிட்டால், அதே பெட்டி, அதே துளைகள், ஆனால் பொசிஷன் எண்கள் அனைத்தும் வேறு. இரண்டில் எது சரி என்று எந்திரத்துக்குத் தெரியாது. பெட்டி படகில் எதன்மேல் உட்காரப் போகிறது என்பதை நினைத்துத்தான் வடிவமைத்தவர் அந்த வரிசையை எழுதியிருக்கிறார்.

சிறிய டேட்டம் இன்னும் பெரிய தொல்லை. 15 மி.மீ. நீளமுள்ள போரை முதல் டேட்டமாக எடுத்து, அச்சு வழியே 300 மி.மீ. தள்ளியுள்ள எதிர்ச் சுவரின் போரை அளப்பதாகக் கொள்வோம். அந்த 15 மி.மீ.க்குள் 0.005 மி.மீ. பிழை நேர்ந்தால், எதிர்ச் சுவரில் அது இருபது மடங்காகி 0.1 மி.மீ. ஆகும்; இரட்டித்து அறிக்கையில் ஏறும்போது 0.2 ஆகிவிடும். ஐந்து மைக்ரான் தவறுக்கு இருநூறு மைக்ரான் தண்டனை. இப்படிப்பட்ட டிராயிங் வந்தால் அளப்பதற்கு முன்பே வாடிக்கையாளரோடு பேசிவிடுவது நல்லது.

இதைத் தவிர்க்க மென்பொருளில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பெஸ்ட் ஃபிட் என்ற பொத்தானை அழுத்தினால், எல்லாத் துளைகளுக்கும் விலகல் ஆகக் குறைவாக இருக்கும்படி ஆய முறையை அது நகர்த்தித் திருப்பிக் கொடுக்கும். அறிக்கை முழுவதும் பச்சை நிறமாகிவிடும். டிராயிங்கில் டேட்டம் எதுவும் கொடுக்காமல், துளைகள் தமக்குள் சரியாக இருந்தால் போதும் என்று குறித்திருந்தால் மட்டுமே அது நேர்மையான வழி. டேட்டம் கொடுத்திருக்கும்போது அதைச் செய்வது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். தெரியாமல் செய்பவர்களே அதிகம் என்பதால் கோபிக்க மனம் வருவதில்லை.

தொடும் புள்ளிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று புள்ளிகள் இருந்தால் எப்போதும் ஒரு வட்டம் கிடைத்துவிடும். துளை எவ்வளவு கோணலாக இருந்தாலும் அந்த மூன்று புள்ளிகளில் பிழை பூஜ்யம் என்றே திரை காட்டும். டிரில் போட்ட துளைகள் மூன்று மடல்களாகப் பிதுங்கியிருப்பது சகஜம். அதில் மூன்று புள்ளிகள் மூன்று மடல்களிலும் விழுந்தால் விட்டம் பெரிதாகவும், இடையில் விழுந்தால் சிறிதாகவும் வரும். ஏழு அல்லது பதினொன்று என்று புள்ளிகளைக் கூட்டுவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. தொட்டவுடன் மின்குறி கொடுத்துப் பின்வாங்கும் இன்றைய வகை ப்ரோபே ஒரு அளவீட்டுச் சிக்கலில் பிறந்ததுதான். கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினில் இருந்த எரிபொருள் குழாய்களை அளக்க, ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய டேவிட் மெக்மர்ட்ரி 1972-இல் அதை உருவாக்கினார். 1973-இல் ஜான் டியருடன் சேர்ந்து அவர் தொடங்கியதே ரெனிஷா நிறுவனம்.

நம் ஊரில் இவை எல்லாவற்றையும் மீறிக் கணக்கைக் கலைப்பது வெப்பம். நீள அளவீட்டுக்கு உலகம் முழுவதும் ஏற்ற வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931-இல் அது முடிவானது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இயற்கையாக அந்த வெப்பநிலை பட்டறைக்குள் கிடைக்கும் நாளென்று எதையும் சொல்ல முடியாது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். வெளியே 30 டிகிரியில் கிடந்த அலுமினியத் தட்டை அப்படியே மேசையில் வைத்து, டேட்டமிலிருந்து 400 மி.மீ. தள்ளியுள்ள துளையை அளந்தால், அது 0.092 மி.மீ. தள்ளிப் போயிருக்கும், பொசிஷன் கணக்கில் அது 0.184. டாலரன்ஸ் 0.2 என்றால், எந்திரக்காரர் செய்த பிழைக்கு மிச்சம் ஏறத்தாழ எதுவும் இல்லை. வார்ப்பிரும்பில் இதில் பாதிக்கும் குறைவு, அவ்வளவுதான். மென்பொருளில் வெப்பநிலையை உள்ளிட்டுத் திருத்தலாம் என்பார்கள். திருத்தலாம், ஆனால் ஜாப்பின் மேற்புறம் 22 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் இருக்கையில் எந்த எண்ணை உள்ளிடுவது? கனமான வார்ப்பை முந்தின நாள் மாலையே அறைக்குள் கொண்டுவந்துவிடுவதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியாது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஏசியை நிறுத்திவைக்கும் முதலாளிகள் காலையில் அளந்து தரும் எண்ணை நான் நம்புவதில்லை. கடல் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து துளைகளைச் சோதிக்கும் எஃகு முளைகளான பின் கேஜ்களைத் துருப்பிடிக்க வைப்பது தனிக் கதை. கருங்கல் மேசைக்கு அந்தக் கவலை இல்லை.

சிஎம்எம் இல்லாத பட்டறைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. அது ஒன்றும் குறைந்த வழி அல்ல. டிராயிங்கில் டாலரன்ஸுக்குப் பக்கத்தில் எம் என்ற எழுத்து வட்டத்துக்குள் இருந்தால், துளை பெரிதாகப் பெரிதாக இருப்பிடத்தில் சலுகை கூடும். துளை 10.0 முதல் 10.2 வரை, பொசிஷன் 0.2 என்று கொடுத்திருந்தால், 10.12 ஆக வந்த துளைக்கு 0.32 வரை அனுமதி. காரணம், துளை எந்த அளவில் வந்தாலும் அதற்குள் சரியான இடத்தில் 9.8 மி.மீ. முளை நுழைந்தால் போதும் என்பதே இந்தக் குறியின் உட்பொருள். ஆகவே 9.8 மி.மீ. முளைகளைச் சரியான இடங்களில், சரியான செங்குத்தில் பதித்த கேஜ் ஒன்று செய்துவிட்டால், டேட்டம்களில் உட்கார வைத்து நுழைகிறதா என்று பார்க்கலாம். முளை துளை முழுவதும் போவதால் மூன்றாவது அச்சும் தானே சோதிக்கப்பட்டுவிடுகிறது. கேஜ் எண் எதையும் தராது. எந்திரத்தை எத்திசையில் திருத்துவதென்று அதைக் கேட்க முடியாது. சிஎம்எம்மில் இந்தச் சலுகையைக் கணக்கிடுபவர்கள், சராசரி விட்டத்தை எடுக்காமல், துளைக்குள் அடங்கும் மிகப்பெரிய உருளையின் விட்டத்தை எடுக்க வேண்டும்; இல்லையென்றால் கேஜ் மறுக்கும் ஜாப்பை எந்திரம் ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக அறிக்கை. துளை ஒன்றுக்குப் பொசிஷன் என்ற ஒற்றை எண் மட்டும் போதாது. எந்த டேட்டம் வரிசை, எந்தெந்த ஆழங்கள், ஒவ்வோர் ஆழத்திலும் எக்ஸ், ஒய் விலகல்கள், ஜாப்பின் வெப்பநிலை ஆகியவையும் இருந்தால்தான், துளை போடும் கணினி எந்திரமான விஎம்சியில் நிற்பவர் ஆஃப்செட் என்ற இடத்திருத்த எண்ணை மாற்ற வேண்டுமா, ஜாப்பைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரின் சாய்வைப் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும். மேலும் கீழும் ஒரே அளவு விலகியிருந்தால் ஆஃப்செட். கீழே போகப்போகக் கூடினால் சாய்வு. அளவீட்டுக்கும் ஒரு நிச்சயமின்மை உண்டு என்பதையும் அறிக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ 14253 தரத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஜாப் எல்லைக்குள் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய விற்பவர் அந்த நிச்சயமின்மைக்கு ஏற்பத் தம் எல்லையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நிச்சயமின்மை 0.01 எனில், 0.2 டாலரன்ஸுக்கு 0.196 என்று வந்த துளை தேறியதாகச் சொல்ல முடியாது. அப்படி வந்தால் ஜாப்பை எந்திரத்துக்குத் திருப்பி அனுப்ப நான் அவசரப்படுவதில்லை. இன்னும் சில மணி நேரம் அறையில் வைத்து, அடி விளிம்பில் ஒரு வட்டம் கூடுதலாக எடுத்து, மறுபடி அளக்கச் சொல்வேன்.